ஆந்தை என்றால் ஆதனின் அப்பா

பள்ளிக்கூடத்தில் பிசிராந்தையார் பாட்டைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பார்த்தே இராத சோழன் கோப்பெருஞ்சோழனை நண்பனாக வரித்துக்கொண்டு, அவன் வடக்கிருந்தபோது, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிரை விடத் துணிந்தபோது, தானும் போய் உயிரை விட்டவர் அவர். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு யார் போய் ஆந்தை என்று பேர் வைத்தது? பக்கத்து பெஞ்சுக்காரன் பாடப்புத்தகத்தின் ஓரத்தில் தாடி வைத்த ஓர் ஆந்தையை வரைந்து வைத்திருந்தான். தமிழ் ஐயா அதைப் பார்த்துச் சிரித்தாரே தவிர, விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து அதற்கு விடை வேறு ஒரு வழியாக வந்தது. சித்தி மகனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. “அண்ணே, தமிழ்ப் பேரா இருக்கணும், சின்னதா இருக்கணும், தெருவுல இன்னொருத்தனுக்கு இருக்கக் கூடாது” என்று போன் பண்ணினான். நான் ஆதன் என்றேன். அவனுக்குப் பிடித்துவிட்டது. அவன் மாமனார்தான், “ஆதாமா? நாம எப்ப மதம் மாறினோம்?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாராம். அவருக்குப் பதில் சொல்வதற்காகத் தேட ஆரம்பித்தேன். தேடப் போன இடத்தில்தான் என் ஆந்தைக்கும் விடை கிடந்தது.

முதலில் மாமனாருக்கான பதில். ஆதாம் எபிரேயப் பெயர். மண்ணைக் குறிக்கும் அந்த மொழிச் சொல்லோடு சேர்த்து அதைச் சொல்வார்கள். ஆதனுக்கும் அதற்கும் உறவு இல்லை. காதில் விழும்போது ஒன்றுபோல இருக்கிறது, அவ்வளவுதான். ஆதவன் என்ற பெயரோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சூரியன். நடுவில் இருக்கும் ஒரே ஒரு ‘வ’ இரண்டையும் வெவ்வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுகிறது.

ஆதன் எவ்வளவு பழைய பெயர்? மண்ணைத் தோண்டினால் கிடைக்கிற அளவுக்குப் பழையது. சிவகங்கை மாவட்டத்தில் வைகைக்குப் பக்கத்திலிருக்கும் கீழடியில் தமிழ்நாடு தொல்லியல் துறை செய்த நான்காம் கட்ட அகழாய்வின் அறிக்கை 2019இல் வெளிவந்தது. அந்தக் கட்டத்தில் தமிழின் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமி உள்ள 56 பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் படிக்க முடிந்தவற்றில் ஆதன், குவிரன் என்ற ஆள் பெயர்கள் இருக்கின்றன. அரசன் வெட்டிவைத்த கல்வெட்டு இல்லை இது. சுட்ட பானையின் தோளில் யாரோ கூர்மையான ஒன்றை வைத்துக் கீறியது. நம் வீட்டு எவர்சில்வர் குடத்தில் பாத்திரக் கடைக்காரர் பேர் பொறித்துக் கொடுப்பாரே, கிட்டத்தட்ட அந்த வேலை. பானைக்குச் சொந்தக்காரர் பெயராகவே பெரும்பாலும் இவற்றை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. கல்மணி வேலைக்கும் இரும்பு வேலைக்கும் பேர் போன பழைய ஊர். அங்கே கிடைத்த ஓடு ஒன்றில் ‘கண்ணன் ஆதன்’ என்று இருக்கிறது. இந்த இரட்டைப் பெயருக்குப் பிறகு வருகிறேன், அதில் ஒரு ருசியான விஷயம் உண்டு.

பானை வைத்திருந்தவர்கள் மட்டுமில்லை, அரசர்களும் ஆதன்கள்தான். நெடுஞ்சேரலாதன் என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டதால் உள்ளே இருக்கும் ஆதன் நம் கண்ணில் படுவதில்லை. சேரல் என்பது குலத்தைச் சொல்கிறது. ஆதன் என்பது ஆளைச் சொல்கிறது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், செல்வக்கடுங்கோ வாழியாதன் மூவரும் சேர அரசர்களைப் பாடும் பதிற்றுப்பத்தில் ஆளுக்குப் பத்துப் பாட்டு வாங்கியவர்கள்.

வாழியாதனைப் பாடியவர் கபிலர். பாரி இறந்த பிறகு இவனிடம் வந்து பாடினார். பாட்டுக்குப் பரிசாக நூறாயிரம் காணம் பொன்னும், நன்றா என்ற குன்றின் மேல் ஏறி நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டுகிற நாடும் கொடுத்தான் என்று அந்தப் பத்துப் பாட்டோடு சேர்ந்து வரும் பதிகம் சொல்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது புறநானூற்றின் 14ஆம் பாட்டு. அரசன் கபிலரின் கையைப் பிடித்துப் பார்த்து, இவ்வளவு மெத்தென்று இருக்கிறதே என்கிறான். யானையை அடக்கி, வில்லை இழுத்து உன் கை காய்த்துப்போய்விட்டது. உன்னைப் பாடுகிறவர்களின் கைக்குச் சோறும் கறியும் தின்று வருந்துவதைத் தவிர வேறு வேலை தெரியாது, அதனால்தான் இது மென்மையாக இருக்கிறது என்கிறார் கபிலர். இரண்டாயிரம் வருஷம் ஆகியும் அந்தக் குறும்பு மங்கவில்லை.

தோற்றுப்போன ஆதனும் உண்டு. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற பெருஞ்சேரலாதன். மார்பில் எய்த வேல் முதுகு வரை போய்ப் புண்ணாக்கிவிட்டது. முதுகில் புண்பட்டவன் என்ற பேருக்கு நாணி அவன் வடக்கிருந்தான். வெண்ணிக் குயத்தியார் என்ற பெண் புலவர் வென்ற கரிகாலன் முன்னாலேயே நின்று, உன்னைவிட அவன் நல்லவன் இல்லையா என்று கேட்டுவிட்டார். அது புறநானூற்றின் 66ஆம் பாட்டு.

கல்லிலும் ஓர் ஆதன் இருக்கிறான். கரூருக்குப் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலையில் ஒரு சமண முனிவருக்குக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்து, அதைக் கொடுத்த வம்சத்தையும் எழுதிவைத்திருக்கிறார்கள்: கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ. பேரன் இளவரசன் ஆனதை ஒட்டிச் செய்த தானம் அது. இந்தக் கோ ஆதன்தான் கபிலரின் கையைப் பிடித்துப் பார்த்த வாழியாதன் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பாட்டில் வரும் அரசன் கல்லிலும் வருவது தமிழில் அடிக்கடி கிடைக்கிற அதிர்ஷ்டம் இல்லை.

சரி, இப்போது ஆந்தைக்கு வருவோம்.

தொல்காப்பியத்தில் எழுத்து எழுத்தோடு சேரும்போது என்ன ஆகும் என்று சொல்கிற பகுதியில், ஆண்களின் பெயரோடு ‘தந்தை’ என்ற சொல் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கென்றே விதி இருக்கிறது. சாத்தன் என்ற பையனின் அப்பாவைச் சொல்ல வேண்டும். சாத்தன் + தந்தை. இதில் தந்தையின் முதல் மெய்யான ‘த்’ போய்விடும், மிஞ்சுவது ‘அந்தை’. சாத்தனின் கடைசியிலிருக்கும் ‘அன்’ போய்விடும், மிஞ்சுவது ‘சாத்த்’. இரண்டும் ஒட்டினால் சாத்தந்தை. கொற்றன் அப்பா கொற்றந்தை. கீரன் அப்பா கீரந்தை. புறநானூற்றில் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மல்யுத்தத்தைப் பாடிய சாத்தந்தையாரும், பரிபாடல் பாடிய கீரந்தையாரும் இப்படி வந்த பெயர்க்காரர்கள்தான். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் கதவைத் தட்டிவிட்டுப் பிறகு தன் கையையே வெட்டிக்கொண்ட கதை வருமே, அந்த வீட்டுக்காரன் பெயரும் கீரந்தை.

இந்தக் கணக்கில் ஆதனின் அப்பா யார்? ஆத் + அந்தை, ஆதந்தை என்றுதான் வர வேண்டும். ஆனால் தொல்காப்பியர் அடுத்த சூத்திரத்தில் இரண்டே இரண்டு பெயர்களைத் தனியாக எடுத்து வைக்கிறார்: ஆதன், பூதன். இந்த இரண்டுக்கும் மேலே சொன்ன வெட்டோடு இன்னொரு வெட்டும் உண்டு. பெயரில் மிஞ்சியிருக்கும் ‘த்’தும், அதற்குப் பின்னால் நிற்கும் அகரமும் சேர்ந்தே போய்விடும். ஆதந்தை என்பதில் நடுவிலிருக்கும் ‘த’வை எடுத்துப் பாருங்கள்.

ஆந்தை.

பூதன் அப்பா அதே மாதிரி பூந்தை. ஆக, பிசிராந்தையார் என்றால் பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த, ஆதன் என்பவனுடைய அப்பா. பறவைக்கு அங்கே வேலையே இல்லை. சங்கப் பாட்டுகளில் இரவுப் பறவையைப் பெரும்பாலும் கூகை, குடிஞை, குரால் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பறவையின் பேரைத் தாங்கிய புலவர் வேண்டுமென்றால் கூகைக்கோழியார் என்று ஒருவர் உண்மையிலேயே இருக்கிறார். என் பெஞ்சுக்காரன் படத்தைத் தப்பான ஆளுக்கு வரைந்துவிட்டான்.

இலக்கணத்தில் இரண்டு பெயருக்கு மட்டும் ஏன் இந்தத் தனிச் சலுகை? எனக்குத் தோன்றுகிற காரணம் இது. வாயில் அதிகம் புழங்குகிற சொல்தான் அதிகம் தேயும். தஞ்சாவூர் தஞ்சை ஆனதும், கோயம்புத்தூர் கோவை ஆனதும், கிருஷ்ணமூர்த்தி கிட்டு ஆனதும் அப்படித்தான். மரூஉ என்று இலக்கணம் சொல்வது இதைத்தான். ஒரு நாளைக்கு நூறு தடவை ‘ஆதந்தை, ஆதந்தை’ என்று கூப்பிடும் ஊரில் நடு எழுத்து எத்தனை நாளைக்குத் தாங்கும்? தெருவுக்கு நான்கு ஆதன் இருந்திருக்க வேண்டும். இன்றைக்கு யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று என் தம்பி கேட்டானே, அந்தக் காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் போனை வைத்திருப்பான்.

தந்தை என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பழந்தமிழில் அது இன்றைய ‘அப்பா’ மாதிரி பொதுச்சொல் இல்லை. எந்தை என்றால் என் அப்பா. நுந்தை என்றால் உன் அப்பா. தந்தை என்றால் அவனுடைய அப்பா. அம்மாவுக்கும் அதே ஏற்பாடு: யாய், ஞாய், தாய். குறுந்தொகை 40ஆம் பாட்டில், “யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்” என்று தலைவன் சொல்லும்போது என் அம்மாவும் உன் அம்மாவும், என் அப்பாவும் உன் அப்பாவும் என்று நான்கு பேரை நான்கே சொல்லில் முடித்துவிடுகிறான். பேரோடு சேரும்போது எந்தையோ நுந்தையோ வராமல் தந்தை வந்ததற்கு இதுதான் காரணம். ஆதன், ‘அவனுடைய’ அப்பா.

பிள்ளை பேரைச் சொல்லி அப்பாவைக் கூப்பிடும் பழக்கம் நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சொந்தப் பெயரே மறந்துபோயிருந்தது. முத்து அப்பா, செல்வி அம்மா, பெரிய செல்வி அம்மா, இப்படித்தான். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்த பெண்களுக்கு இது பெரிய உதவி. ரேஷன் கடையில் பேர் கேட்டால்தான் திண்டாட்டம். சாத்தந்தையும் ஆந்தையும் அந்தத் தெருக்காரர்கள்தான், கொஞ்சம் முன்னால் குடிவந்தவர்கள்.

இது பிள்ளையிலிருந்து அப்பாவுக்குப் போகிற வழி. எதிர்வழியும் உண்டு. கொடுமணல் ‘கண்ணன் ஆதன்’ ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்தில் இரண்டு பெயர் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் முன்னால் நிற்பது அப்பா, பின்னால் நிற்பது பிள்ளை. கண்ணன் மகன் ஆதன். இதற்கும் தொல்காப்பியர் விதி வைத்திருக்கிறார். உரைக்காரர்கள் காட்டும் உதாரணம் சாத்தங்கொற்றன், அதாவது சாத்தன் மகன் கொற்றன். இன்றைக்கு நாம் பேருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாகப் போடுகிற இனிஷியல் இருக்கிறதே, அதன் முழு உருவம் இதுதான். கொடுமணல்காரர் இன்று பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால் வருகைப் பதிவேட்டில் க. ஆதன் என்று இருப்பார்.

இந்த இரண்டு வழியையும் ஒரே பாட்டில் பார்க்கலாம். புறநானூறு 71இல் பூதப்பாண்டியன் வஞ்சினம் சொல்கிறான். பகைவரை நான் புறங்காட்ட வைக்காவிட்டால் என் மனைவியைப் பிரிவேனாக, என் நண்பர்களோடு கூடிச் சிரிக்கும் சந்தோஷத்தை இழப்பேனாக என்று சொல்லி நண்பர்களின் பெயரை வரிசையாக அடுக்குகிறான். மையல் ஊர்த் தலைவன் மாவன், எயில் ஆந்தை, அந்துவஞ்சாத்தன், ஆதன் அழிசி, இயக்கன். பிரித்துப் படியுங்கள்: எயில் என்ற ஊரின், ஆதனுக்கு அப்பா. அந்துவன் மகன் சாத்தன். ஆதன் மகன் அழிசி. ஒரே நட்பு வட்டத்தில் ஒருவருக்கு ஆதன் மகன், இன்னொருவருக்கு ஆதன் அப்பா. பாடுகிறவன் பெயரிலோ பூதன். இலக்கணம் தனியாக எடுத்து வைத்த இரண்டு பெயரும் ஒரே பாட்டில் உட்கார்ந்திருக்கின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு என் தம்பி கேட்டது, “எல்லாம் சரிண்ணே, அர்த்தம் என்ன?”

இங்கேதான் குழந்தைப் பெயர்ப் பட்டியல்கள் கண்டபடி அடித்துவிடுகின்றன. சூரியன் என்று ஒன்று போடும்; அது ஆதவனோடு வந்த குழப்பம். முதல்வன் என்று ஒன்று போடும். அது ஆதி என்ற வடசொல்லோடு வந்த குழப்பம். சங்கப் பாட்டுகளில் ஆதன் ஆள் பெயராகத்தான் வருகிறது. அதனால் பாட்டை வைத்துக்கொண்டு ‘ஆதன் என்றால் இன்னது’ என்று பிழிந்தெடுக்க முடியாது. ஆதல், ஆக்கம் என்ற சொற்களில் இருக்கும் ‘ஆ’ என்ற அடியோடு சேர்த்து, ஆக்கம் உடையவன், வளர்பவன் என்று சொல்ல ஆசைப்படுகிறவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அறிஞர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவு அது இல்லை.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்றும் இருக்கிறது. அகராதியைத் திறந்தால் ஆதன் என்பதற்கு அறிவில்லாதவன், குருடன் என்றும் பொருள் போட்டிருப்பார்கள். மாமனார் கையில் இந்தப் பக்கம் கிடைத்திருந்தால் ஆதாம் பிரச்சினையே தேவலை என்று ஆகியிருக்கும். இது பின்னால் வந்த வழக்கு. ஒரு சேர அரசன் தன் மகனுக்கு அறிவிலி என்று பேர் வைத்து, கபிலரும் அதைச் சேர்த்து வாழ்த்தினார் என்று நம்ப எனக்குத் தெம்பில்லை. பெயர் ஒரு பக்கம் இருக்க, அதே ஒலியில் இன்னொரு சொல் பிற்காலத்தில் புழங்கியிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆந்தை என்ற பெயரும் ஆந்தை என்ற பறவையும் போல.

பொருள்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால், நான் காட்டுவது ஐங்குறுநூற்றின் முதல் பத்து. ஓரம்போகியார் பாடியது. பத்துப் பாட்டும் “வாழி ஆதன் வாழி அவினி” என்றே தொடங்கும். முதல் பாட்டில் அடுத்த வரி, “நெற்பல பொலிக பொன்பெரிது சிறக்க.” தலைவன் வேறொருத்தி வீட்டில் கிடக்கிறான். இங்கே தலைவி என்ன வேண்டிக்கொண்டாள் தெரியுமா என்று தோழி சொல்கிறாள்: அரசன் ஆதன் அவினி வாழட்டும், நெல் விளையட்டும், பொன் பெருகட்டும். தன் வீட்டுச் சங்கடத்தை அவள் வேண்டுதலில் சேர்க்கவில்லை. ஆதன் என்ற பெயரைச் சொன்னதும் பழந்தமிழ்க் காதுக்குப் பின்னாலேயே வந்து நிற்பது நெல்லும் பொன்னும். அகராதி தராத பொருளை அந்தப் பாட்டு தந்துவிடுகிறது.

சாத்தன், கொற்றன், கீரன் எல்லாரும் இலக்கண உரைகளில் ‘சாத்தன் வந்தான்’ என்று வாக்கியம் காட்டுவதற்காகவாவது உயிரோடு இருந்தார்கள். சாத்தனும் கண்ணனும் செங்கடல் கரை வரை போயிருக்கிறார்கள். எகிப்தின் பழைய துறைமுகமான குசேர் அல் காதிமில் கிடைத்த பானை ஓடுகளில் அந்தப் பெயர்கள் தமிழ்ப் பிராமியில் இருக்கின்றன. கண்ணனை நாம் விடவே இல்லை. ஆதனை மட்டும் எங்கேயோ நடுவழியில் தொலைத்துவிட்டோம். கீழடி ஓடு செய்தித்தாளில் வந்த பிறகுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாக மறுபடி காதில் விழுகிறது.

வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் ஒரு ‘ஏ’ போட்டால் படிக்கிறவர் ‘அதன்’ என்பார், ‘அதன் எங்கே?’ என்று கேட்டால் எதன் என்று தெரியாமல் நிற்போம். இரண்டு ‘ஏ’ போடுவது நல்லது. ‘த’வுக்கு ‘டி’ மட்டும் போட்டால் வடக்கே போகும்போது ஆடன் ஆகிவிடும், பக்கத்தில் ஒரு ‘எச்’ போட்டுவிடுங்கள்.

தம்பி வீட்டில் கடைசியில் ஆதன்தான் முடிவானது. தொட்டிலில் போட்ட அன்றைக்கு மாமனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “சரி தம்பி, அந்த நரைக்காத புலவருக்கு என்ன ஆச்சு, மறுபடி சொல்லுங்க” என்றார். சொன்னேன். இத்தனை வயசாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் சொன்ன முதல் காரணம், “மாண்டஎன் மனைவியொடு மக்களும் நிரம்பினர்.” குணத்தில் சிறந்த மனைவி, அறிவு நிரம்பிய பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் ஒருவன்தான் ஆதனாக இருந்திருக்க வேண்டும். அவன் என்ன செய்தான், எங்கே வாழ்ந்தான் என்று ஒரு பாட்டும் சொல்லவில்லை. அப்பாவின் பேருக்குள், அதுவும் நடு எழுத்து தேய்ந்துபோய், முதல் எழுத்து மட்டும் மிஞ்சி ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

மாமனார் கொஞ்ச நேரம் தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மருமகனைக் கூப்பிட்டார்: “ஏ ஆந்தை, இங்க வாங்க!”